சேர்மதுரை காரின் இருட்டு

அம்மன் கோயில் கொடைக்கு லீவு விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சேர்மதுரை தன் அம்பாசடர் காரின் இரண்டு ஹெட்லைட்டுகளுக்கும் கறுப்படித்தான். போலீசுக்குப் பயந்து அடித்தான் என்று பின்னால் ஊரில் சொன்னார்கள், பகட்டுக்கு அடித்தான் என்றார்கள், அம்மன் கனவில் வந்து சொல்லி அடித்தான் என்றுகூட ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டு திரிந்தது. அவன் அடித்தது பெண்டாட்டிக்காக. தூத்துக்குடிக்கு வடக்கே உப்பளங்களில் இருபத்திரண்டு வருஷம் உப்பு வாரி வாரி பிரமசக்திக்குக் கண் கெட்டுப்போயிருந்தது. விடியுமுன் அவளையும் இன்னும் பதினோரு பெண்களையும் காருக்குள் அடைத்து, உப்பு வாரும் பலகைகளை மேலே கட்டி, அளத்தில் கொண்டுபோய் இறக்குவதுதான் சேர்மதுரையின் பிழைப்பு. பலகைகளைக் கட்ட அவள் காருக்கு முன்னால் வரும்போது ஹெட்லைட் முகத்தில் அடித்தால் போதும், அப்படியே தரையில் குந்திவிடுவாள், கண்ணில் தண்ணீர் நிற்க அரைமணி நேரமாகும்.

பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில் டாக்டரம்மா அவள் இமையை விரித்துப் பார்த்தாள், டார்ச் அடித்து மறுபடியும் பார்த்தாள். பிறகு, "மத்தியான வெயில்ல உப்பு மேல நிக்காதீங்கம்மா. இன்னும் ஒரு கோடை நின்னா பார்வை போயிரும், திரும்ப வராது" என்றாள்.

"மத்தியானம் எவளும் நிக்க மாட்டோம்மா" என்றாள் பிரமசக்தி. "பதினோரு மணிலருந்து மூணு மணி வரைக்கும் எங்களுக்கு ஓய்வு. எந்த மொதலாளியும் அதுல கைவச்சதில்ல."

அது உண்மைதான். அளத்து முதலாளிகள் இரக்கப்பட்டு விட்ட ஓய்வு இல்லை அது, அந்த நேரத்தில் உப்பின் மேல் நின்றால் மனுஷன் சுருண்டு விழுவான், விழுந்தவனைத் தூக்கிப்போக இரண்டு பேர் வேலை கெடும் என்பதால் வந்த ஓய்வு. எப்படி வந்தால் என்ன, அந்த நாலு மணி நேரத்தில்தான் பெண்கள் வீட்டுக்கு ஓடி உலை வைத்தார்கள், பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள், தலை வாரினார்கள், புருஷனோடு சண்டை போட்டார்கள், கால்நீட்டித் தூங்கினார்கள். மற்ற இருபது மணி நேரமும் உப்புக்கோ உப்பைப் பற்றிய களைப்புக்கோ சொந்தம். இந்த நாலு மணி நேரம் மட்டும் அவர்களுக்குச் சொந்தம்.

டாக்டரம்மா கொடுத்த கறுப்புக் கண்ணாடி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வேர்வையும் உப்பும் பட்டு வெள்ளை படர்ந்து, எதிரே நிற்பது ஆளா உப்பு அம்பாரமா என்று தெரியாமல் போனது, கங்காணி தவசிமுத்து வேறு, "நடிகையம்மா சூட்டிங்குக்கு வந்துருக்காவ, எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று தினமும் காலையில் கூவினார். அவள் கண்ணாடியை அடுப்பு மாடத்தில் வைத்துவிட்டுப் பழையபடி சேலைத் துணியைக் கண்ணுக்கு மேல் கட்டிக்கொண்டு போனாள். அதைப் பார்த்துத்தான் சேர்மதுரைக்கு மனசு பொறுக்கவில்லை, உப்பை ஒன்றும் செய்யமுடியாத கையாலாகாத கோபத்தில் தன் காரின் வெளிச்சத்தையாவது குறைப்போம் என்று இறங்கினான்.

முன்பெல்லாம் எந்த வண்டியானாலும் ஹெட்லைட்டுக்கு நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கவேண்டும், எதிரே வருகிறவன் கண் கூசக்கூடாது என்று போலீஸ்காரர்களே பெயிண்ட் டப்பாவும் பிரஷுமாக ரோட்டில் நின்று வைத்துவிடுவார்கள். சேர்மதுரையும் பொட்டில்தான் ஆரம்பித்தான். பொட்டு போதவில்லை, மேல் பாதியை அடித்தான், அதுவும் போதவில்லை, முழுசும் அடித்துவிடுவது என்று அந்தச் செவ்வாய்க்கிழமை முடிவுசெய்து, கண்ணாடிகளை உப்புத்தாள் போட்டு மினுமினுப்புப் போகும்வரை தேய்த்தான், சுற்றியிருந்த வெள்ளி வளையத்தில் பழைய பேப்பரை ஒட்டினான், கடைப்பலகை எழுதி மிஞ்சிய கறுப்புப் பெயிண்ட் பாதி டப்பாதான் இருந்ததால் அதில் விளக்குக் கரியையும் வார்னிஷையும் குழப்பி, ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்த பூச்சு என்று மூன்று பூச்சு பூசினான். வீட்டில் நல்ல தண்ணீர் இல்லாத நாள், அதனால் அளத்துத் தண்ணீரில் கழுவினான். துடைக்க அவள் கண்ணுக்குக் கட்டும் துணி கைக்குக் கிடைத்தது, அதில் துடைத்தான். அப்புறம் நடந்ததற்கு இதில் எது காரணமென்று கேட்டால் யாருக்குத் தெரியும், யாரும் அதை ரொம்ப நேரம் யோசிக்கவும் இல்லை.

மூன்று மணி வெயிலில் சுவிட்சைப் போட்டுப் பார்த்தான். இரண்டு ஹெட்லைட்டிலிருந்தும் இருட்டு கிளம்பி, தெருவைக் குறுக்காகக் கடந்து, அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியான எதிர்வீட்டு மிக்கேலம்மாள் வாசலில் போய் விழுந்தது. விழுந்த இடத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் பொழுது அடைந்துவிட்டதென்று கூட்டுக்குள் போய்ப் படுத்தன.

மிக்கேலம்மாள் கதவுக்கு வெளியே தலையை நீட்டினாள். "யண்ணே, என் வாசல்ல என்னத்தக் கொட்டுதிய?"

"லைட்டுக்குக் கறுப்படிச்சேன்மா. இருட்டு வருது."

"கருவாடு காயப்போட்டிருக்கேன்ல. அங்கிட்டுத் திருப்புங்க."

அவன் காரைத் திருப்பினான். சத்தம் கேட்டு வெளியே வந்த பிரமசக்தி அந்த இருட்டுக்குள் இரண்டடி நடந்து, நின்று, கண்ணுக்கு மேல் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. வெளிச்சத்தில் பாதி மூடியே பழகிப்போன கண்கள் அங்கே முழுசாகத் திறந்தன, எரியவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, கல்லும் கூரையும் கோழிக்கூட்டின் கம்பியும் ஒன்றுவிடாமல் தெரிந்தன. சேர்மதுரையின் மீசை நரைத்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள். "எப்ப நரச்சுது இது?" என்று கேட்டுவிட்டு அழுதாள், அவன் விஷயம் புரியாமல் மீசையைத் தடவிக்கொண்டு நின்றான்.

மறுநாள் கார் அளத்திலேயே நின்றது. பிரைட்டில் போட்டால் வரப்புகளைத் தாண்டி நாலு பாத்தி இருண்டது, டிம்மில் போட்டால் ஒரு பாத்தி. எட்டு மணிக்கு மேல் உப்பு வெள்ளை நெருப்பாக ஏறுகிற நேரத்தில் பன்னிரண்டு பெண்களும் இருட்டுக்குள் நின்று வாரினார்கள். அளத்தில் மறைவு என்று ஒரு செடி கிடையாது, விடியுமுன் அடக்கியதை மதியம் வீடு போகும்வரை அடக்குவதுதான் அங்கே பெண்களின் வழக்கம், அதனால் உப்பு வாரியதைவிட முதலில் இருட்டை அதற்குத்தான் பயன்படுத்தினார்கள். ஆம்பளைகள் காருக்குப் பின்னால் நிற்கவேண்டும், பெண்கள் இருக்கும்வரை ஒருத்தனும் முன்பக்கம் தலைகாட்டக்கூடாது என்று அவர்களே சட்டம் போட்டார்கள். கைப்பிள்ளைக்காரிகள் அதற்குள் உட்கார்ந்து கட்டிய பாலைப் பீய்ச்சிவிட்டார்கள். பூநாரைகள் கூட்டமாக வந்து ஒற்றைக்காலில் நின்று தூங்கின.

மாசமாக இருக்கிறவர்கள் உள்ளே போகலாமா என்று மட்டும் இரண்டு நாள் வாதம் நடந்தது, பகலில் வருகிற இருட்டு கிரகணமாக இருந்தால் பிள்ளைக்கு ஆகாதே. கடைசியில் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி இருட்டுக்குள் கொண்டுபோய் அதில் உலக்கையை நிறுத்திப் பார்த்தார்கள், கிரகணமென்றால் உலக்கை தானாக நிற்கும், இது நிற்காமல், சட்டத்தை மறந்து எட்டிப்பார்க்க வந்த தவசிமுத்துவின் கால்மேல் விழுந்தது. வெறும் இருட்டுதான் என்று எல்லோருக்கும் நிம்மதி. ஊரில் இருந்த ஆட்டோக்காரர்களும் மினிபஸ்காரரும் உப்புத்தாள் வாங்கித் தேய்த்துக் கறுப்படித்துப் பார்த்தார்கள், அவர்கள் லைட்டிலிருந்து இருட்டும் வரவில்லை வெளிச்சமும் வரவில்லை. சேர்மதுரையை மறித்த டிராபிக் ஏட்டு, இருட்டடிப்பதற்குப் பிரிவு எதுவும் இல்லையே என்று புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஹெட்லைட்டில் கறுப்புப் பொட்டு தெரியவில்லை என்று எழுதி அபராதம் போட்டுவிட்டுப் போனார்.

எல்லாம் பதினேழு நாள். பதினெட்டாம் நாள் தவசிமுத்து பாத்திகளைக் குனிந்து பார்த்து, கையில் அள்ளிப் பார்த்து, நாக்கில் வைத்தும் பார்த்துவிட்டு முதலாளியிடம் போய்ச் சொன்னார்: இருட்டு விழும் பாத்தியில் உப்பு விளையவில்லை. வெயில் இல்லாமல் உப்பு ஏது, அதைச் சொல்ல ஒரு கங்காணி வேண்டியதில்லை, ஆனாலும் சொன்னார். இனி கார் வரப்புக்குள் வரக்கூடாது என்று அன்று சாயங்காலமே உத்தரவு வந்தது.

பிரமசக்தி இரவெல்லாம் புரண்டு படுத்தாள். பதினேழு நாளில் கண்ணின் எரிச்சல் அடங்கி, ஓரத்துச் சிவப்பு போய், ஊசியில் தானே நூல் கோத்திருந்தாள். விடிந்ததும் பதினோரு பேரையும் கூட்டிக்கொண்டு முதலாளியின் ஆபீஸுக்குப் போனாள். முதலாளி நல்ல மனுஷன், எப்போதும் சிரித்த முகம், கூலியாட்களைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார்.

"மொதலாளி, வெளையிற பாத்திக்குக் கார் போவாண்டாம்" என்றாள். "வெளஞ்சு வாருற பாத்திக்கு வெயில் எதுக்கு? அங்க மட்டும் இருட்டடிக்கட்டும். நாங்க வாரணும், ஒங்களுக்கு உப்பு வேணும், அம்புட்டுதான."

முதலாளி ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சரி என்று சொல்லாதது அவளைப் பயமுறுத்தியது. சந்தையில் கடைக்காரன் வாய் திறக்காமல் இருந்தால் நாமே விலையை ஏற்றிக்கொண்டு போவோமே, அப்படி அவளும் ஏற்றினாள்.

"இருட்டுக்குள்ள குளுமையா இருக்கு மொதலாளி. வேணும்னா மத்தியானத்துலயும் வாரித் தாரோம். பதினொண்ணுலருந்து மூணு வரைக்கும் சும்மாதான கெடக்கோம்."

பின்னால் நின்ற பதினோரு பேரும், ஆமா மொதலாளி, ஆமா மொதலாளி என்றார்கள். கார் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பதைப்பில் அவர்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முதலாளி எழுந்து நின்று, "உங்க மனசு யாருக்கு வரும்மா" என்றார்.

அன்றிலிருந்து மத்தியானம் அளத்துக்குச் சொந்தமானது. முதல் பத்து நாள் உற்சாகமாகவே போயிற்று, இருட்டின் தயவில் எவ்வளவு வாரமுடியும் என்று காட்டிவிடவேண்டும் என்று ஒருத்தியோடு ஒருத்தி போட்டிபோட்டு வாரினார்கள், அம்பாரங்கள் இதுவரை யாரும் பார்க்காத உயரத்துக்கு எழுந்தன. அதற்கப்புறம்தான் ஒவ்வொருத்திக்காக உறைத்தது. உலை வைக்க ஆளில்லாமல் பிள்ளைகள் காலைப் பழையதை மாலையிலும் தின்றார்கள். மிக்கேலம்மாளின் கைக்குழந்தைக்கு மத்தியானப் பால் நின்றுபோய், அது வீட்டில் கதறக் கதற இங்கே அவளுக்கு ரவிக்கை நனைந்தது.

"யக்கா, ஒன் கண்ணுக்கு நெழல் வேணும்னு எங்க மத்தியானத்த வித்துட்டியேக்கா" என்று ஒருநாள் வாரிக்கொண்டே சொன்னாள்.

"நீயும்தானளா ஆமா மொதலாளின்ன."

"சொன்னேன். செருப்பால அடிக்கணும் என்னய."

பிரமசக்தி பலகையை இன்னும் அழுத்தி வாரினாள். சொன்னது அவள் வாய்தான். அதைவிட வெட்கக்கேடு, சுற்றி நின்று பெண்கள் அவளைச் சபித்த அதே மத்தியானத்தில், அதே இருட்டுக்குள், அவள் கண்கள் மட்டும் சுகமாக இருந்தன. உப்பின் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. இந்தச் சுகத்தை வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை, அதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

சேர்மதுரையை முதலாளி மாசச் சம்பளத்துக்கு அமர்த்தினார். காக்கிச் சட்டை கொடுத்தார், காருக்குத் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார், அவனை டிரைவர் என்று கூப்பிடாமல் தம்பி என்று கூப்பிட்டார். அவன் பிறந்ததிலிருந்து அவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, ஆள் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சித்திரை மாதக் கடைசியில் முதலாளி மகளுக்குக் கல்யாணம் வந்தது, பந்தியில் உட்காருகிறவர்களுக்கு வெயில் தெரியக்கூடாது என்று பந்தல்மேல் இருட்டடிக்கக் காரை இரண்டு நாளைக்குக் கேட்டார். கல்யாணம் முடிந்து, மறுவீடு முடிந்து, மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் ஊருக்குப் போனபிறகும் கார் வரவில்லை. முதலாளியின் தாயாருக்கு மதியத் தூக்கம் இருட்டிருந்தால்தான் வருகிறதாம், பங்களாவின் ஜன்னலுக்கு நேராகக் கார் நிரந்தரமாக நின்றுவிட்டது.

கார் இல்லாத முதல் நாள் பதினோரு மணிக்குப் பெண்கள் பலகையைப் போட்டுவிட்டுக் கரையேறினார்கள். தவசிமுத்து ஓலைக் கொட்டகையிலிருந்து எழுந்து வந்தார்.

"எங்க போறிய எல்லாரும்? மணி பதினொண்ணுதான ஆவுது."

"கார் வரல்லியே அண்ணாச்சி" என்றாள் பிரமசக்தி. "இருட்டு இருந்தாத்தான மத்தியானம் வாருவோம்னு சொன்னோம்."

"இருட்டுன்னு நீ சொன்ன. மத்தியானம்னு மொதலாளி கேட்டுக்கிட்டாவ" என்றார் தவசிமுத்து. சொன்னபோது அவர் அவளைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்தார். "ரெண்டு மாசமா வாரிப் பழகியாச்சுல்லா. இப்ப என்ன புதுசா? முடியாதவ நாளைலருந்து வரவேண்டாம், ஆள் இருக்கு."

பழகியாச்சு. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. பக்கத்து அளங்களிலும் அதற்குள் மத்தியான வேலை வந்துவிட்டது, அங்கெல்லாம் காரும் கிடையாது இருட்டும் கிடையாது, அந்த அளத்தில் பொம்பளைகள் நிற்கிறார்களே உங்களுக்கு என்ன கேடு என்று கேட்டு நிறுத்தியிருந்தார்கள். பன்னிரண்டு பெண்களும் திரும்பிப் பாத்திக்குள் இறங்கினார்கள். உப்பு கீழிருந்தும் வெயில் மேலிருந்தும் அடித்தன.

"நீ போவாண்டாம், வீட்ல கெட" என்றான் சேர்மதுரை. "அதான் எனக்குச் சம்பளம் வருதுல்லா. கண்ணுதான முக்கியம்?"

"அவளுவள வெயில்ல நிறுத்திட்டு நான் நெழல்ல கெடக்கவா? நான் பேசின பேச்சுக்கு அவளுவ நிக்காளுவ." பிறகு, "காரக் கொண்டாங்க" என்றாள். "ஒங்க காருதான அது. மத்தியானம் ரெண்டு மணி நேரம் கொண்டாங்க, போதும்."

அவன் கேட்கிறேன் என்றான். நாலு நாள் கழித்து அவள் மறுபடி கேட்டபோதும் கேட்கிறேன் என்றான். அவன் கெட்டவன் இல்லை, அவளுக்காகத்தான் அத்தனையும் செய்தான், ஆனால் தம்பி என்று கூப்பிட்ட ஒருவரிடம் போய் இல்லை என்று சொல்கிற வாய் அவனுக்கு வாய்க்கவில்லை. நமக்கெல்லாம் அது எளிதில் வாய்ப்பதுமில்லை.

வைகாசி பிறந்தபின் ஒருநாள் பிரமசக்தி உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, மடியில் ஒரு துண்டு உப்புத்தாளைச் செருகிக்கொண்டு முதலாளியின் பங்களாவுக்கு நடந்தாள். மூன்று பூச்சையும் தேய்த்து எடுத்துவிடுவது, யாருக்கும் இல்லாமல் ஆக்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அதற்குள் பார்வை மங்கி, வழியில் மைல்கல்லை நாய் என்று நினைத்து ஒதுங்கிப் போனாள். பங்களாவில் எல்லோரும் தூங்கினார்கள். கார் ஜன்னலை நோக்கி இருட்டடித்துக்கொண்டிருந்தது. அவள் ஹெட்லைட்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

நின்றதும் கண் திறந்தது. முன்புபோல் முழுசாக இல்லை, ஆனாலும் திறந்தது. எரிச்சல் அடங்கியது, செம்பருத்திச் செடியின் இலை தெரிந்தது, ஜன்னலுக்குள் வாய் பிளந்து தூங்கும் கிழவி தெரிந்தாள், டிரைவர் சீட்டில் தலை சாய்த்துத் தூங்கும் சேர்மதுரையும் அவன் மீசையும் தெரிந்தன. உப்புத்தாளை எடுத்துக் கண்ணாடியில் வைத்தவள் தேய்க்கவில்லை. கொஞ்ச நேரம், கொஞ்ச நேரம் என்று அந்த இருட்டில் சுவரோரமாக உட்கார்ந்தாள். நாலு மணிக்குக் கிழவி எழுந்து கொட்டாவி விட்டு, தம்பி, போதும்ப்பா, அணைச்சிரு என்று குரல் கொடுக்கும்வரை அவள் அங்கேயேதான் இருந்தாள். பிறகு எழுந்து, துணியைக் கண்ணுக்கு மேல் கட்டிக்கொண்டு, அவன் பார்ப்பதற்குள் வெளியே வந்துவிட்டாள். மறுநாள் விடியுமுன் மற்றவர்களோடு மினிபஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனாள்.

அதற்கப்புறம் பத்து நாளோ பன்னிரண்டு நாளோ இருக்கும். அளத்தில் காற்றே இல்லை, மணி ஒன்று, வெள்ளை தகித்தது, பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் குனிந்து வாரிக்கொண்டிருந்தார்கள். பிரமசக்தி வாருவதை நிறுத்தினாள். நிமிர்ந்து, துணியை அவிழ்த்து, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள், அவள் முகத்தில் ரொம்ப நாளாக இல்லாத ஒரு சிரிப்பு வந்தது.

"ஏளா மிக்கேலம்மா," என்றாள். "கார் வந்துட்டா?"

மிக்கேலம்மாள் ரோட்டைப் பார்த்தாள். ரோட்டில் கானல்தான் ஓடியது, கடைசி உடைமரம்வரை ஒரு சைக்கிள்கூட இல்லை. பிறகு பிரமசக்தியின் கண்களைப் பார்த்தாள். அவை அந்த வெயிலில், அந்த உப்பில், இமைக்காமல் அகலத் திறந்திருந்தன.

"வந்துட்டுக்கா" என்றாள்.

"அவிய கொண்டாந்துட்டாவ பாத்தியா. நான்தான் ஏசிக்கிட்டே கெடந்தேன்." பிரமசக்தி பலகையைக் கீழே வைத்தாள், கையால் தடவி வரப்பைக் கண்டுபிடித்து உட்கார்ந்தாள், பக்கத்தில் இடம்விட்டு நகர்ந்துகொண்டாள். "மத்தவளுவளயும் உள்ள வரச் சொல்லுளா. எம்புட்டு நேரந்தான் வெயில்ல நிப்பாளுவ."